மரபணுவுக்கு மாதம் தெரியாது

அன்புள்ள தோழர்களுக்கு,

வெயில் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் இந்த மடல் உங்களுக்கு வருகிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30லிருந்து 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். அந்த மாதங்களில்தான் "பாடி எப்போ வருது?" என்ற போன் கால்களும் நம்ம ஊர்களில் அதிகம் கேட்கும். இந்த நேரத்தில், 1962ல் இறந்துபோன ஒரு இங்கிலாந்துப் புள்ளியியல்காரரைப் பற்றித் தலையங்கம் எழுதுகிறேன் என்றால் "இப்போ எதுக்கு அவர்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வளைகுடாவில் இறக்கும் நம்ம ஆளுங்களுடைய சான்றிதழில் "இயற்கை மரணம்" என்று எழுதுகிறார்களே, அந்த இரண்டு சொல்லை எப்படி எதிர்ப்பது என்பதை அவருடைய வாழ்க்கையிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அவர் செய்த நல்லதிலிருந்தும், கெட்டதிலிருந்தும்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் ஷார்ஜாவில். இப்போது உயிர்ப்புள்ளியியலில் முதுநிலை படிக்கிறேன். என் வகுப்பில் ரொனால்ட் ஃபிஷர் பெயர் வராத வாரம் கிடையாது.

யார் இந்த ஃபிஷர்?

1890ல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே கண் பார்வை ரொம்ப மோசம். 1919ல் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பல பத்தாண்டுகளாக அங்கே குவிந்து கிடந்த விளைச்சல் கணக்குகளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: ஒரு வயலில் விளைச்சல் கூடினால் அது உரத்தாலா, மண்ணாலா, மழையாலா, இல்லை சும்மா தற்செயலா? இதைப் பிரித்துச் சொல்ல அவர் உருவாக்கிய முறைகளைத்தான் இன்றைக்கு மருந்துக் கம்பெனியிலிருந்து கருத்துக்கணிப்பு வரைக்கும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். 1925ல் வந்த அவருடைய பாடநூல்தான் "20ல் 1" என்ற எல்லையைப் பிரபலமாக்கியது. அதாவது, நாம் பார்த்த வித்தியாசம் வெறும் தற்செயலால் வர 20ல் 1க்கும் குறைவான வாய்ப்புதான் இருக்கிறது என்றால், அதைத் தற்செயல் என்று ஒதுக்க வேண்டாம்.

1935 புத்தகத்தில் ஒரு டீ கதை வரும். டம்ளரில் முதலில் பால் ஊற்றினார்களா, டிகாக்ஷன் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்கிறார் ஒரு பெண்மணி. சரி, 8 கப் கொடுப்போம், 4 இப்படி, 4 அப்படி, வரிசையைக் குலுக்கிப் போடுவோம் என்கிறார் ஃபிஷர். குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70ல் 1 வாய்ப்புதான். இவ்வளவு எளிமையான கதையில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. எந்தச் சோதனையிலும் முதலில் ஒரு நிலைப்பாட்டை எடுத்துக்கொள்கிறோம்: "இந்த அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது". இதைத்தான் இன்மைக் கருதுகோள் என்கிறோம். அதை உடைக்கிற பொறுப்பு டேட்டாவுக்கு. டேட்டா வரவில்லை என்றால் அந்த முதல் நிலைப்பாடு அப்படியே நிற்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மரபியலிலும் அவர் சாதாரண ஆள் இல்லை. மெண்டலின் பரம்பரை விதிகளும் டார்வினின் இயற்கைத் தேர்வும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று பலர் நினைத்த காலத்தில், இரண்டும் பொருந்தும் என்று 1918ல் கணக்குப் போட்டுக் காட்டினார். 1930ல் அதைப் பெரிய புத்தகமாக எழுதினார். பின்னாளில் கேம்பிரிட்ஜில் மரபியல் பேராசிரியர், 1952ல் சர் பட்டம்.

நம்ம பக்கத்திற்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. கல்கத்தாவில் மகலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு வந்து போயிருக்கிறார். அன்றைய சென்னை மாகாணத்தில் 1920ல் பிறந்த சி. ஆர். ராவ், கேம்பிரிட்ஜில் ஃபிஷரிடம்தான் ஆய்வுப் பட்டம் முடித்தார். 2023ல் 102 வயதில் காலமான ராவ், உலகத்தின் பெரிய புள்ளியியல் மேதைகளில் ஒருவர். ஆக, அந்தக் கருவிகள் எப்போதோ கைமாறிவிட்டன. அவை ஃபிஷருடைய சொத்து இல்லை.

கண்ணாடி ஜன்னலைக் கழற்றியது போதுமா?

அதே 1930 புத்தகத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கு மனிதர்களைப் பற்றியது. மேல்வர்க்கத்துக்காரர்கள் குறைவாகப் பிள்ளை பெறுகிறார்கள், ஏழைகள் அதிகம் பெறுகிறார்கள், அதனால் நாகரிகங்கள் அழிகின்றன என்பது அதன் சாரம். ஃபிஷர் மாணவராக இருந்தபோதே, 1911ல், கேம்பிரிட்ஜில் யூஜெனிக்ஸ் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். "நல்ல" பரம்பரையைப் பெருக்கி "கெட்ட" பரம்பரையைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கை அது. 1933ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த பதவியின் பெயரே யூஜெனிக்ஸ் பேராசிரியர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யுனெஸ்கோ இனவாதத்திற்கு எதிராக அறிக்கை தயாரித்தபோது, மனிதக் குழுக்களுக்கு இடையே அறிவிலும் உணர்விலும் பிறவி வேறுபாடு உண்டு என்று மறுப்பு எழுதியவர்களில் இவரும் ஒருவர்.

2020ல் கறுப்பின மக்களின் போராட்டம் உலகம் முழுக்கப் பரவியபோது, கேம்பிரிட்ஜ் கீஸ் கல்லூரியில் அவர் நினைவாக வைத்திருந்த வண்ணக் கண்ணாடி ஜன்னலைக் கழற்றினார்கள். லண்டனில் ஒரு ஆய்வு மையத்திற்கு வைத்திருந்த அவர் பெயரையும் எடுத்தார்கள். நல்லது. நான் அதை ஆதரிக்கிறேன். ஆனால் இடதுசாரிகளான நாமும் அதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பது என் வருத்தம். ஜன்னலைக் கழற்றினாலும் அந்த யோசனைமுறை கழன்று போகாது. "உன் உடம்பு அப்படி, அதனால்தான் உனக்கு இப்படி" என்று சொல்கிற யோசனைமுறை அது. ஃபிஷர் அதைக் கடைசியாகப் பயன்படுத்திய இடம் இனம் இல்லை, சிகரெட்.

பைப் பிடித்த பேராசிரியர்

1950ல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபர்ட் ஹில் என்ற இருவர் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டார்கள். நோய் வந்தவர்களில் சிகரெட் பிடிப்பவர்கள் தெளிவாகவே அதிகம். பிறகு பிரிட்டிஷ் டாக்டர்களையே வருஷக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அங்கும் அதே முடிவு. 1957ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ், மக்களை எச்சரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எழுதியது.

ஃபிஷர் எதிர்த்தார். அவர் முட்டாள்தனமாக எதிர்க்கவில்லை, அதுதான் பிரச்சினை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவதால் ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் ஆகாது என்றார். அது சரி. மக்களைக் குலுக்கல் போட்டுப் பிரித்து, பாதிப் பேரைப் புகைக்க வைத்துப் பார்த்த சோதனை இல்லையே என்றார். அதுவும் சரி. பிறகு தன் மாற்று விளக்கத்தை வைத்தார்: சிகரெட் ஆசையையும் புற்றுநோயையும் சேர்த்தே தரும் ஒரு மரபணு இருக்கலாம். அதற்கு ஆதாரமாக ஜெர்மனியிலிருந்து இரட்டையர் டேட்டா வாங்கினார். ஒரே கருவில் பிறந்த இரட்டையர்கள் புகைக்கிற பழக்கத்தில் அதிகம் ஒத்துப்போகிறார்களாம். அந்த டேட்டாவைக் கொடுத்தவர் ஓட்மார் ஃபான் ஃபெர்ஷூயர், நாஜி காலத்து இன ஆராய்ச்சியின் பெரிய தலைகளில் ஒருவர். ஃபிஷர் அப்போது புகையிலைக் கம்பெனிகளின் குழுவுக்குச் சம்பளம் வாங்கும் ஆலோசகர். பைப் பிடிக்கிறவரும்கூட.

காசுக்காகத்தான் அப்படிப் பேசினார் என்று நான் நினைக்கவில்லை. ஐம்பது வருஷமாக மனிதர்களைப் பரம்பரையால் மட்டும் விளக்கிப் பழகியவருக்கு அந்த விளக்கம் இயல்பாகவே வந்தது. கம்பெனிகளுக்கு அது வசதியாக இருந்தது. சந்தேகத்துக்கு அறிவியல் மரியாதை கிடைத்தது, வியாபாரம் நடந்தது.

பதில் புள்ளியியலிலிருந்தே வந்தது. 1959ல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள்: புகைப்பவர்களுக்கு ஆபத்து 9 மடங்கு என்றால், அதை முழுக்க ஏதோ ஒரு மறைமுகக் காரணத்தின் தலையில் போட வேண்டுமானால், அந்தக் காரணமும் புகைப்பவர்களிடம் குறைந்தது 9 மடங்கு அதிகமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு மரபணு எங்கே? காட்டு. சந்தேகப்படுகிறவருக்கும் கணக்குக் காட்டும் கடமை உண்டு என்பது அப்போது நிலைநாட்டப்பட்டது. 1965ல் ஹில் இன்னொன்றும் சொன்னார்: அறிவியல் எப்போதுமே முழுமையடையாதது, அதைக் காரணம் காட்டி இன்றைக்குச் செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட முடியாது.

இப்போது நம்ம ஊர்க் கதை

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு "மெடிக்கல்" என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர், எல்லாம் பார்த்து "ஃபிட்" என்றால்தான் விசா. "அன்ஃபிட்" என்றால் ஏஜென்டுக்குக் கொடுத்த காசோடு கனவும் போச்சு. ஒரு ஊரின் இளைஞர்களில் திடமானவர்களைச் சலித்து எடுத்துத்தான் அனுப்புகிறோம்.

அப்படிப் போனவர்கள் முப்பதிலும் நாற்பதிலும் கேம்ப் கட்டிலில் தூக்கத்திலேயே இறந்து போகிறார்கள். காகிதத்தில் "இயற்கைக் காரணங்கள்", இல்லையென்றால் "இதயம் நின்றது", "மூச்சு நின்றது". தோழர்களே, இதயம் நிற்காமல் யார்தான் சாகிறார்கள்? அது மரணத்தின் வர்ணனை, காரணம் இல்லை.

2021 பிப்ரவரியில் கார்டியன் பத்திரிகை ஒரு கணக்கை வெளியிட்டது. 2010 கடைசியிலிருந்து பத்து ஆண்டுகளில் கத்தாரில் ஐந்து தெற்காசிய நாடுகளைச் சேர்ந்த 6,500க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். இந்தியர்கள் 2,711, இலங்கையர்கள் 557. இந்தியர்களின் மரணங்களில் 80% "இயற்கை". அடுத்த ஆண்டு, வைட்டல் சைன்ஸ் கூட்டமைப்பின் அறிக்கை, தெற்கு மற்றும் தென்கிழக்கு ஆசியத் தொழிலாளர்கள் வளைகுடா நாடுகளில் வருஷத்துக்கு 10,000 பேர் வரை இறக்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் விளக்கமே இல்லாத மரணங்கள் என்றது.

அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் பணமும் இருக்கிறது. வேலையால் வந்த மரணம் என்றால் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும். அமீரகச் சட்டத்தில் 24 மாத அடிப்படைச் சம்பளம். "இயற்கை" என்றால் அந்தக் கதவு மூடிவிடும். இந்திய அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா 10 லட்சம் ரூபாய் தருவது விபத்து மரணத்துக்கும், வேலையை இழக்க வைக்கிற நிரந்தர ஊனத்துக்கும். தூக்கத்தில் இறந்தவனுடைய மனைவிக்கு அது இல்லை.

2024 ஜூன் 12 அன்று குவைத்தில் மங்காஃப் கட்டடத் தீயில் சுமார் 50 தொழிலாளர்கள் இறந்தார்கள். 45 பேர் இந்தியர்கள், அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். விமானப்படை விமானம் போனது, அமைச்சர்கள் கொச்சி விமான நிலையத்தில் நின்றார்கள், நிவாரணம் அறிவித்தார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் தீயைப் போல் கண்ணுக்குத் தெரியாமல், ஒவ்வொருவராக இறக்கிறவர்களின் பெட்டி கார்கோவில் வந்து, ஆம்புலன்ஸில் ஏறி, ஊருக்குப் போய்விடுகிறது. யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

பழைய வாதம், புது வாய்

இதைப் பற்றிப் பேசினால் மூன்று பதில்கள் வரும். மூன்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஃபிஷரைப் போலவே இவர்களும் முழு முட்டாள்கள் இல்லை.

முதல் பதில்: "இவ்வளவு பேர் வேலை செய்யும் இடத்தில் இவ்வளவு பேர் இறப்பது சகஜம்." கத்தார் அரசு இதைத்தான் சொன்னது. வகுத்துப் பார்க்க வேண்டும் என்ற வாதம் சரிதான். 6,500 என்பது ஸ்டேடியத்தில் இறந்தவர்கள் என்று நம்ம இடது நண்பர்களே போஸ்டர் போட்டார்கள். அந்தக் கணக்கில் கடைக்காரர், டிரைவர், வீட்டு வேலைக்காரர் எல்லோரும் உண்டு. ஆனால் எதை எதால் வகுப்பது? மெடிக்கலில் தேறிய இளைஞர்களை மொத்த மக்கள்தொகையோடு ஒப்பிட முடியாது. ஆரோக்கியமானவர்களை மட்டும் வேலைக்கு எடுத்தால் அவர்களிடம் மரணம் குறைவாகத்தான் இருக்க வேண்டும், இது எங்கள் துறையில் பாலபாடம். உடம்பு கெட்டவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் ஊரில் வந்து செத்தால் அது அங்கத்திய கணக்கில் ஏறாது. வயது, தொழில், மாதம் வாரியாக எத்தனை பேர் வேலை செய்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்ற பட்டியலை வைத்திருப்பவர்கள் வெளியிட வேண்டும். பட்டியலைப் பூட்டி வைத்துக்கொண்டு "நீ வகுத்துப் பார்க்கவில்லை" என்று நம்மைக் குறை சொல்வது வாதம் இல்லை.

இரண்டாவது பதில்: "வேலை காரணம் என்று நிரூபித்தீர்களா?" கத்தாரில் வெளிநாட்டுத் தொழிலாளர் நிலை பற்றி ஆராய அந்த நாட்டு அரசே ஒரு சட்ட நிறுவனத்தை நியமித்தது. எதிர்பாராத திடீர் மரணங்களில் பிரேதப் பரிசோதனை செய்ய அனுமதிக்கும்படி சட்டத்தை மாற்றுங்கள் என்று 2014லேயே அது பரிந்துரைத்தது. உடலைத் திறந்து பார்க்காமல், "இயற்கை" என்று எழுதி, பிறகு ஆதாரம் கேட்கிறார்கள். டீ கதைக்குத் திரும்புங்கள். இங்கே இன்மைக் கருதுகோள் "முதலாளி மேல் தப்பில்லை". அதை உடைக்கும் பொறுப்பு இறந்தவனுக்கு. டேட்டா சேகரிக்காத வரை அது உடையவே உடையாது. 2022 உலகக் கோப்பை சம்பந்தமாக 3 வேலை மரணம்தான் என்று அமைப்பாளர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் நவம்பரில் அவர்களுடைய தலைவரே ஒரு டிவி பேட்டியில், போட்டி சம்பந்தமான எல்லா வேலைகளையும் சேர்த்தால் 400க்கும் 500க்கும் இடையில் என்றார்.

மூன்றாவது பதில்தான் ஃபிஷருடையது: "தெற்காசியர்களுக்கு இதய நோய் பரம்பரையிலேயே அதிகம். எண்ணெய்ச் சாப்பாடு, சிகரெட், அவர்கள் உடம்பு அப்படி." தெற்காசியர்களுக்கு இதய நோய் ஆபத்து அதிகம் என்பது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்போம்.

2019ல் நேபாள மற்றும் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் கத்தாரில் 2009லிருந்து 2017 வரை இறந்த 1,300க்கும் மேற்பட்ட நேபாளத் தொழிலாளர்களின் மரணங்களை மாதவாரியாக எடுத்து, அந்தந்த மாதத்தின் வெப்பத்தோடு வைத்துப் பார்த்தார்கள். குளிர் காலத்தில் இதயம் சார்ந்தவை என்று பதிவான மரணங்கள் 22%. வெயில் காலத்தில் 58%. மொத்தம் இருந்த 571 இதய மரணங்களில் 200 வரை முறையான வெப்பப் பாதுகாப்பு இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அதே ஆட்கள், அதே பரம்பரை, அதே மெஸ் சாப்பாடு. மரபணுவுக்கு மாதம் தெரியாது. ஜனவரியில் சும்மா இருந்துவிட்டு ஜூலையில் மட்டும் கொல்லும் மரபணுவைக் காட்டச் சொல்லுங்கள். கார்ன்ஃபீல்ட் கேட்ட அதே கேள்விதான் இது.

"பலவீனமான இதயம் இருந்தவர்களை வெயில் கொன்றிருக்கும்" என்று இறங்கி வந்தால், அதுவும் நமக்குச் சம்மதமே. அப்போதும் வெயில்தான் காரணம், வெயிலில் நிறுத்தியவர்தான் பொறுப்பு. ரோத்தம்ஸ்டெட்டில் ஃபிஷர் உலகத்துக்கே கற்றுக்கொடுத்த பாடம் இதுதானே? விதை ஒன்றே விளைச்சலைத் தீர்மானிக்காது, உரமும் தண்ணீரும் மண்ணும் சேர்ந்துதான் தீர்மானிக்கும், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிப் பார் என்றவர் அவர். கோதுமைக்குக் கொடுத்த அந்த நியாயத்தை மனிதர்களுக்கு அவர் கொடுக்கவில்லை.

இறந்தவர்களைப் பார்த்த இன்னொருவர்

ஃபிஷரோடு சேர்ந்து நவீன மரபியலுக்கு அடித்தளம் போட்டவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். கம்யூனிஸ்ட். 1957ல் கல்கத்தாவுக்கு வந்து, 1964ல் புவனேஸ்வரில் இறந்தவர். நான் சொல்ல வந்தது அவருடைய அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேனைப் பற்றி. நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளில் இறந்தவர்களின் உடல்களை நேரில் ஆராய்ந்து, பெரும்பாலோரைக் கொன்றது வெடி இல்லை, கார்பன் மோனாக்சைடு வாயு என்று 1896ல் அறிக்கை கொடுத்தார். காரணம் தெரிந்ததால்தான் பாதுகாப்பு முறைகள் வந்தன. 1905ல் அவரே இன்னொன்றும் காட்டினார்: சூட்டில் வேலை செய்யும் மனிதனுக்குச் சாதாரணத் தெர்மாமீட்டர் போதாது, ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவுதான் முக்கியம். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை காயாது, உடம்பு குளிராது.

ஆகஸ்ட் ராத்திரியில் துபாய் கடற்கரையோரம் நடந்தவர்களுக்கு இது புரியும். ஆனால் அமீரகத்தின் மதியத் தடை இன்னும் கடிகாரத்தைத்தான் பார்க்கிறது. காலை 11 மணிக்கு எவ்வளவு புழுக்கம் என்பது அதற்குக் கணக்கில்லை. கத்தாரில் 2019 கோடையில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் தொழிலாளர் அமைச்சகமும் வேலை இடத்திலேயே வெப்பத்தை அளக்கும் ஆய்வை நடத்த வைத்தன. 2021ல் விதி மாறியது: ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10லிருந்து 3.30 வரை தடை, அதோடு ஈரமும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். ஒழுங்காக அமலாகிறதா என்பது வேறு சண்டை. அளந்ததால் சட்டம் மாறியது என்பதை மட்டும் கவனியுங்கள்.

நம்மால் என்ன முடியும்?

பிரேதப் பரிசோதனை வேண்டும் என்பது சரியான கோரிக்கை. ஆனால் ஊரில் குடும்பம் என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியும்: "அதெல்லாம் வேணாம் தம்பி, பாடி சீக்கிரம் வந்தா போதும்." அவர்களைக் குறை சொல்ல முடியாது. மார்ச்சுவரி, எம்பாமிங், தூதரகக் கடிதம், டிக்கெட் என்று ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு வதை. அரசுகள் கேட்க வேண்டியதைக் குடும்பங்களின் தலையில் கட்டக் கூடாது.

உடலைத் திறக்காமலே காரணம் தேடும் வழி ஒன்று இருக்கிறது. அதைப் பெரிய அளவில் செய்து காட்டியதே தமிழ்நாட்டில்தான். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வேந்தன் கஜலட்சுமி, சிகரெட் ஆய்வு செய்த டாலின் நீண்டகாலச் சகா ரிச்சர்ட் பீட்டோவோடு சேர்ந்து, சென்னையிலும் விழுப்புரம் கிராமங்களிலும் 80,000 பேரின் மரணத்தைப் பற்றி அவரவர் வீட்டாரிடம் போய்க் கேட்க வைத்தார். எப்படி இருந்தார், என்ன தொந்தரவு, எத்தனை நாள், பீடி பிடிப்பாரா. இதற்கு வாய்மொழிப் பிரேத விசாரணை என்று பெயர். சும்மா "மாரடைப்பு", "முதுமை" என்று கிடந்த பல மரணங்களுக்குக் காரணம் தெரிந்தது. அந்த வேலையிலிருந்து 2003ல் வந்த ஆய்வு, இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகைப்பழக்கம் ஒரு காரணம் என்று சொன்னது. ஃபிஷர் கிளப்பிய சந்தேகத்துக்கு விழுப்புரத்து விதவைகள் பதில் சொன்னார்கள் என்றே நான் இதை வாசிக்கிறேன். வெப்பத்தையும் இப்படி அளக்க முடியும்: சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் வெப்பத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே ஆராய்ந்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. ஜனவரி 12 அன்று விழா எடுக்கிறார்கள், உடல்களைக் கொண்டுவர உதவுகிறார்கள். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இது: திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு படிவம். வீட்டாரிடமும், முடிந்தால் அறைத்தோழர்களிடம் போனிலும் விசாரணை. கடைசி வாரத்தில் என்ன வேலை, எத்தனை மணி நேரம், தண்ணீர் இருந்ததா, ஏசி ஓடியதா, மயக்கம் வந்ததா, லீவு கேட்டாரா, கொடுத்தார்களா. அதை வயது, தொழில், நாடு, மாதம் வாரியாக, பெயர்கள் இல்லாமல், வருஷம் ஒருமுறை வெளியிட வேண்டும். இலங்கையின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடமும் இதே கோரிக்கையை வைக்க வேண்டும். நேபாளத்தின் பதிவேடு இருந்ததால்தான் அந்த 2019 ஆய்வே நடந்தது. டெல்லியிடம் கேட்க வேண்டியது: பீமா யோஜனாவில் "விபத்து" என்ற நிபந்தனையை எடுங்கள். வெளிநாட்டில் வேலையில் இருக்கும்போது இறந்தால் 10 லட்சம், அவ்வளவுதான். வளைகுடா அரசுகளோடு ஒப்பந்தம் போடும்போது, காரணம் இல்லாத சான்றிதழை ஏற்க மாட்டோம் என்று ஒரு வரி சேருங்கள்.

இங்கே இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வளைகுடாவில் சங்கம் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும், அங்கே வேலை செய்பவரை மாட்டிவிடும் எதையும் செய்யாதீர்கள். ஆனால் வெளியே படிக்கும், வேலை பார்க்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தப் பயம் குறைவு. எக்செல் தெரிந்தவர், தகவல் உரிமை மனு எழுதத் தெரிந்தவர், தமிழும் இந்தியும் மலையாளமும் பேசத் தெரிந்தவர், யாராக இருந்தாலும் இந்த மடலுக்குப் பதில் போடுங்கள். நாடாளுமன்றத்தில் கொடுத்த பதில்களிலிருந்து நாடு வாரியாகவும் வருஷ வாரியாகவும் மரணங்களைத் தொகுக்கும் வேலையை முதலில் தொடங்கலாம். அலுப்பான வேலைதான், டால் செய்ததும் அலுப்பான வேலைதான்.

ஃபிஷருடைய புத்தகத்தை நான் தூக்கிப் போடப்போவதில்லை. தற்செயலையும் காரணத்தையும் பிரிக்க அவர் கற்றுக்கொடுத்ததை, அவர் யாரைக் கீழானவர்கள் என்று நினைத்தாரோ அவர்களுக்காகப் பயன்படுத்தலாம். "இயற்கை மரணம்" என்ற சான்றிதழ் ஒரு கருதுகோள்தான். அதைச் சோதித்துப் பார்க்கும் உரிமை அந்தக் குடும்பங்களுக்கு இருக்கிறது.

தோழமையுடன்,
இந்த மாத ஆசிரியர் பொறுப்பில் இருக்கும் நான்